முத்திரையிட்ட வெந்நீர்

குழாயைச் சுற்றி ஒட்டியிருந்த தாள் கிழிந்து கிடந்ததைப் பிலவேந்திரன்தான் முதலில் பார்த்தான். மார்கழிப் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. சைக்கிளை ஆஸ்பத்திரி மதிலில் சாய்த்துவிட்டு, தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் நேரே பிரசவ வார்டின் பின்பக்கம் வந்திருந்தான். சேலத்திலிருந்து வந்த அதிகாரி நேற்று சாயங்காலம் தன் கையாலேயே அந்தக் குழாயின் திருகில் நூல் சுற்றி, தாள் ஒட்டி, அரக்கு உருக்கி, குறுக்காகக் கையெழுத்துப் போட்டிருந்தார். இப்போது அந்தக் கையெழுத்து இரண்டாகப் பிளந்திருந்தது. குழாயின் கீழே சிமெண்டுத் தரை நனைந்து, ஈரம் சாக்கடை வரைக்கும் ஓடியிருந்தது.

இரும்பு ஏணியில் இரண்டிரண்டு படியாக மொட்டை மாடிக்கு ஏறினான். ஐந்து கறுப்புத் தகடுகளும் தெற்கு பார்த்துச் சாய்ந்து, கண்ணாடி மேல் பனி பூத்து வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் செங்கல் தூண்களின் மேல் ஐந்நூறு லிட்டர் தொட்டி. அதன் விலாவில் செருகியிருந்த தெர்மாமீட்டரைத் துண்டால் துடைத்துப் பார்த்தான். ஐம்பத்தொன்று. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். ஐம்பத்தொன்றேதான். ஐம்பத்து நாலுக்குக் கீழே இறங்கியிருந்தால் தேறாது என்று நேற்று அதிகாரி இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

பிலவேந்திரனுக்கு நாற்பத்தைந்து வயது. பொம்மிடி சுற்றுவட்டாரத்தில் கைபம்பு ரிப்பேர் என்றாலும் கிணற்றுக்குள் பைப் இறக்குவது என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். சாமியார்கள் பங்களா, கன்னியர் மடம், இந்த மிஷன் ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடும் பாதை அவன் கைக்குத் தெரியும். ஆனால் வெயிலில் தண்ணீர் காய்ச்சும் சாமானை அதற்கு முன் அவன் கண்ணால் கண்டதில்லை. புரட்டாசியில் பெங்களூரிலிருந்து ரயிலில் மரப்பெட்டிகளாக வந்து இறங்கியது. பொருத்த வரவேண்டிய கம்பெனி ஆளுக்கு மஞ்சள் காமாலை என்று கடுதாசி மட்டும் வந்தது. ஆஸ்பத்திரியை நடத்துகிற சிஸ்டர் புஷ்பமேரி அவனைக் கூப்பிட்டு, இங்கிலீஷ் புஸ்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, "நான் படிச்சுச் சொல்றேன், நீ செய்வியா?" என்று கேட்டார். செய்தான்.

பதினோரு நாள் ஆயிற்று. தகடுகள் இருபத்தேழு டிகிரி சாய்வில் இருக்க வேண்டும் என்றது புஸ்தகம். ஆசாரியிடம் சொல்லி அந்தச் சாய்வுக்கு ஒரு மரச்சட்டம் இழைத்து வாங்கி, ஒவ்வொரு தகடாக வைத்துப் பார்த்தான். தொட்டியின் அடி, தகட்டின் தலைக்கு மேலே ஒரு அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும் என்றது. ஒன்றேகால் அடியாகத் தூண் கட்டினான். மேலே போகும் குழாய் எங்கேயும் ஒரு நூல்கூடத் தாழக்கூடாது என்றது. ரசமட்டத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தி வைத்துப் பார்த்தான். ஏன் அப்படி என்று புஸ்தகத்தில் எழுதியிருக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. பூசைக்கு உதவுகிறவன் பாத்திரத்தை எந்தப் பக்கம் வைக்கச் சொன்னார்களோ அந்தப் பக்கம் வைப்பதுபோல வைத்தான்.

பன்னிரண்டாம் நாள் உச்சிப்பொழுதில் கீழே குழாயைத் திறந்து கையை நீட்டியவன் "அம்மா" என்று கத்திக் கையை இழுத்துக்கொண்டான். விரல் சிவந்துவிட்டது. அடுப்பு இல்லை, புகை இல்லை, கரண்டுக் கம்பி இல்லை. ஆஸ்பத்திரியே பின்பக்கம் கூடியது. நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் சொம்பை நீட்டிப் பிடித்து வாங்கி, முகர்ந்து பார்த்து, குழந்தைகளின் காலில் ஊற்றிப் பார்த்தார்கள். அன்றிரவு அவன் மனைவி ராஜமேரி சோறு போட்டுக்கொண்டே, "என்னங்க, தானா சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

ஆனால் அரசாங்கச் சான்றிதழ் கிடைத்தால்தான் அந்தச் சாமான் அங்கே நிலைக்கும். அது அரசாங்க மானியத் திட்டத்தில் வந்தது. தேறாவிட்டால் கம்பெனி கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். தேறினால் பொருத்தியவன் பெயர் அங்கீகாரம் பெற்றவர்கள் பட்டியலில் ஏறும். தர்மபுரி ஜில்லாவில் அந்தப் பட்டியலில் அதுவரைக்கும் ஒரு பெயரும் இல்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து நாலாம் நாளான நேற்றுக் காலையில் அதிகாரி வந்தார். பெயர் நஞ்சப்பன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து திசைகாட்டி, சாய்வுமானி, டேப், தெர்மாமீட்டர்கள் எல்லாவற்றையும் துணி விரித்து வரிசையாக வைத்தார். ஃபாரத்தில் நாற்பத்தொரு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் அளந்தார். குழாய்க்கு அடியில் வெறுந்தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். ஒரு தாங்கி நாலு அங்குலம் தள்ளி இருக்கிறது என்று அவனைக் கழற்றி மாட்ட வைத்தார். குனிந்து வேலை செய்தவனின் முதுகு பதினோரு மணி வெயிலில் பொரிந்தது. நல்லா இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை இல்லை. "சரி," என்பார், ஒரு கட்டத்தில் டிக் போடுவார், அடுத்ததுக்கு நகர்வார். நாற்பது சரி சொன்னார். கடைசிக் கட்டம் ராத்திரிக்கானது. சாயங்காலம் தொட்டியில் இருக்கும் சூடு விடியும்வரை ஏழு டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. ஐந்து மணிக்கு அறுபத்தொன்று இருந்தது. குழாய்க்கு முத்திரை வைத்தார். "காலைல நான் வந்து பிரிக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது," என்று கூடியிருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டு விருந்தினர் அறைக்குப் போனார்.

இப்போது ஏணியிலிருந்து இறங்கிய பிலவேந்திரனுக்குக் கண் ஸ்டோர் ரூம் பக்கம் போனது. கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒட்டக் காய்ச்சிய மைதாப் பசை அங்கே கொட்டாங்குச்சியில் மீதி இருந்தது. தடவி ஒட்டினால் ஒரு பார்வைக்குத் தெரியாது. ஆனால் ஒட்டிவிட்டால் அந்த ஐம்பத்தொன்று அவன் தலையில் விழும். வேலை சரியில்லை, சூடு நிற்கவில்லை என்றாகும். ஒட்டாமல் விட்டால் வேறு யார் தலையிலோ விழும். யார் தலை என்று தெரிந்தாக வேண்டும் என்ற ஆத்திரத்தோடு வெந்நீர்க் கொட்டகைக்குப் போனான்.

கொட்டகை வார்டுச் சுவரை ஒட்டியே இருந்தது. அங்கே பெரிய அண்டா, கீழே கல் அடுப்பு, மூலையில் விறகு. பதினைந்து வருஷமாக அந்த அடுப்பை எரிக்கிறவள் குள்ளம்மாள். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் அவள் தோல் வெந்து ஆறி, பாலேடு போல மினுங்கும். அடுப்பு அணைந்து கிடந்தது. அவள் அதன் முன்னால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தாள்.

"அக்கா, கொழாயில வெச்ச சீல் ஒடைச்சது யாரு?"

"நாந்தான் மேஸ்திரி."

அவள் அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தோளில் துண்டும் கையில் பல்பொடியுமாக நஞ்சப்பன் நின்றிருந்தார். குழாயைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

"ஏம்மா, தெரியாம ஒடைச்சிட்டியா?"

குள்ளம்மாள் எழுந்து நின்றாள். "தெரியாம இல்லீங்க. நீங்க ஒட்டறப்ப நான் அங்கதான் நின்னன். தொடக்கூடாதுன்னு சொன்னீங்க, காதுல வாங்கினன். ராத்திரி சிஸ்டரு 'வெந்நீ, வெந்நீ'ன்னு கத்தினாங்க. வெறகு பனியில நனைஞ்சு கெடக்குது. அண்டா கொதிக்க ஒன்ர மணி நேரம் ஆவும். அந்தப் புள்ளக்கி அவ்ளோ நேரம் இல்லீங்க. அதான் தொட்டன்."

"எந்தப் புள்ள?" என்றார் நஞ்சப்பன்.

நடுராத்திரிக்கு மேல், சேர்வராயன் மலைச்சரிவில் ஒரு சிற்றூரிலிருந்து மாதம்மாள் என்ற பெண்ணை, அவள் புருஷன் மாதுவும் இன்னும் மூன்று பேரும் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். ஏழு மாசம். வந்த அரை மணிக்குள் பிள்ளை பிறந்துவிட்டது. அழவில்லை. உடம்பு நீலம் பாரித்துச் சில்லிட்டிருந்தது. தராசில் ஒரு கிலோ முந்நூறு. இவ்வளவையும் வார்டு வாசலில் நின்று சிஸ்டர் புஷ்பமேரி மூச்சுவிடாமல் சொன்னார். ராத்திரி தூங்காத கண்கள். "சார், குள்ளம்மாளைத் திட்டாதீங்க. நான்தான் கேட்டேன். உள்ள வாங்க. கையைக் கழுவிட்டு வாங்க."

சுவரோரம் மூங்கில் கூடை ஒன்று. அதற்குள் பஞ்சு, பஞ்சுக்கு நடுவே முகம் மட்டும் தெரிய ஒரு பெண் குழந்தை. பிலவேந்திரன் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனாலும் இவ்வளவு சிறிய மனித முகத்தை அவன் பார்த்ததில்லை. நெற்றியில் நரம்பு பச்சை நூல்போல ஓடியது. இமைகள் இன்னும் முழுசாகச் செய்து முடிக்காததுபோல இருந்தன. இரண்டு பக்கமும் கால்மாட்டிலுமாக மூன்று குளுக்கோஸ் பாட்டில்கள், துணி சுற்றி வைத்திருந்தார்கள். உள்ளே வெந்நீர். குழந்தையின் வாய் ஒருதரம் குவிந்து திறந்தது. அவ்வளவுதான். அதைப் பார்க்க நாலு பெரிய ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பாட்டிலுக்குள் இருப்பது நேற்றைய வெயில். பதினோரு மணிக்குத் தன் முதுகைப் பொரித்த அதே வெயில், தகட்டில் இறங்கி, குழாயில் ஏறி, தொட்டியில் தங்கி, சூரியன் இல்லாத வேளையில் இந்தக் கூடைக்குள் வந்து ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருக்கிறது. அவன் முறுக்கிய மூட்டுகள் வழியாகத்தான் வந்திருக்கிறது. உடம்பு புல்லரித்தது. சிலுவை போட்டுக்கொள்ளக் கை தூக்கியவன், அதிகாரி பக்கத்தில் இருக்கிறாரே என்று பாதியில் நிறுத்தி நெற்றியைத் தடவிக்கொண்டான்.

நஞ்சப்பன் பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தார். சிஸ்டர் கை நீட்டித் தடுத்தார். "வேணாம் சார், என்கிட்ட இருக்கு. நாப்பத்திரண்டுக்கு மேல போனா பிள்ளைக்குச் சுடும். முப்பத்தெட்டுக்குக் கீழ வந்தா மாத்திடணும்." கூடைக்கு மேலே சுவரில் ஒரு மருந்துப் பெட்டி அட்டை தொங்கியது. அதில் பென்சிலால் கோடு போட்டு, நேரம், பாட்டில் சூடு, குழந்தையின் உடம்புச் சூடு, எடுத்த தண்ணீர் எத்தனை லிட்டர் என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தார். இரவு ஒன்று நாற்பதிலிருந்து காலை ஐந்தரை வரைக்கும் ஒரு வரியும் விட்டுப்போகவில்லை. குழந்தையின் சூடு முதல் வரியில் முப்பத்திரண்டு. கடைசி வரியில் முப்பத்தாறரை.

அதிகாரி அந்த அட்டை முன்னால் நின்றவர் நின்றவர்தான். உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஃபாரத்தை எடுத்துப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"தண்ணி எவ்வளவுன்னு எதுக்கு சிஸ்டர் எழுதுனீங்க?"

"எடுக்கிறதை எழுதி வெக்கிறது பழக்கம் சார். மருந்தோ, தண்ணியோ."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நஞ்சப்பன் கணக்குப் போட்டார். பாட்டிலுக்கும் தாயைச் சுத்தம் செய்யவுமாக எடுத்தது ஐம்பத்தெட்டு லிட்டர், அந்த இடத்தில் புகுந்த பச்சைத் தண்ணீர் பதினெட்டு டிகிரி. பின்பக்கத் தாளில் பெருக்கி, கழித்து, கீழே கோடு போட்டார். பிலவேந்திரன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கணக்குப்படி பாத்தா தொட்டி அஞ்சு டிகிரிதான் விட்டிருக்கு. மீதி எறங்கினது தண்ணி எடுத்ததால," என்றார். "வேலை சுத்தமா இருக்கு. ஆனா கணக்குல தேறினதை நான் கண்ணால பாத்தேன்னு எழுத முடியாது. இன்னொரு ராத்திரி தங்கறேன். மறுபடி சீல் வெக்கலாமா சிஸ்டர்?"

"முடியாது சார். இந்தப் பிள்ளைக்கு மூணு வாரமாவது பாட்டில் வெக்கணும். அந்தக் குழாயை இனிமே ஒரு ராத்திரிகூட மூட விடமாட்டேன்."

"நான் வெறகு காயவெச்சு அடுப்பு மூட்டறனே," என்றாள் குள்ளம்மாள். "ஒரு ராத்திரி தான? கண்ணு அசராம பாத்துக்கறன்."

சிஸ்டர் தலையாட்டினார். "பொகை பூரா வார்டுக்குள்ள வரும் குள்ளம்மா. இந்த நுரையீரல் அதைத் தாங்காது."

சரி என்று சொல்லி ஒரு டிக் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று பிலவேந்திரனுக்குத் தோன்றாமல் இல்லை. கேட்கவும் வாய் வந்தது. ஆனால் நேற்றைக்கு நாலு அங்குலத்துக்காகத் தாங்கியைக் கழற்ற வைத்த மனிதரிடம் அதைக் கேட்கக் கூசியது. நஞ்சப்பன் பேனாவைத் திறந்து, நாற்பத்தோராம் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, தாளின் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதினார். சிஸ்டரின் அட்டையை வாங்கி அப்படியே நகல் எடுத்து ஃபாரத்தோடு சேர்த்துக் குத்தினார். பிறகு எழுதியதை அவனுக்குப் புரியும்படி தமிழில் வாசித்துக் காட்டினார்.

"முத்திரை வைத்த குழாயிலிருந்து இரவில் ஐம்பத்தெட்டு லிட்டர் எடுக்கப்பட்டது. காரணம், பிரசவம். இணைப்பைப் பார்க்கவும்." பேனாவை மூடினார். "காரணம் எழுதறதுக்கு இந்த ஃபாரத்துல எடம் இல்ல. அதான் ஓரத்துல எழுதியிருக்கேன்."

"அப்ப பாஸுங்களா, ஃபெயிலுங்களா சார்?"

"தெரியல பிலவேந்திரன். மேல இருக்கறவங்க சொல்லணும்." அவன் பெயரை அவர் அப்போதுதான் முதல்தடவையாகச் சொன்னார்.

"கழட்டிட்டுப் போயிடுவாங்களா?"

"ஃபைல் நகர்ந்து, முடிவாகி, ஆள் வர்றதுக்கு மூணு மாசமாவது ஆகும். அதுக்குள்ள அந்தப் புள்ள மூணு கிலோ ஆயிடட்டும்." சொல்லிவிட்டு எழுந்தவர் வேட்டி மண்ணைத் தட்டுவதுபோலப் பேண்டைத் தட்டிக்கொண்டார். "வாங்க. சூடு ஏறுறப்ப மூட்டுல கசிவு வருதான்னு ஒருதரம் பாத்துட்டுக் கெளம்பறேன். மூணு எடத்துல உறையைப் பிரிக்கணும்."

ஏணிக்குக் கீழே குள்ளம்மாள் நின்றிருந்தாள். பதினைந்து வருஷத்தில் அவள் அந்த மாடிக்கு ஏறினதில்லை. "நானும் வந்து பாக்கலாங்களா?" என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டாள். நஞ்சப்பன் ஒதுங்கி வழிவிட்டார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மினுங்கும் கையால் கம்பியைப் பற்றிப் பற்றி ஏறி, மேலே வந்ததும் மூச்சு வாங்க நின்று சுற்றிலும் பார்த்தாள். கிழக்கே சித்தேரி மலைக்கு மேல் சூரியன் வந்துவிட்டிருந்தது. கண்ணாடிகளில் பூத்திருந்த பனி உருகி, கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

பிலவேந்திரன் தகட்டிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாயில் கீழே, நடுவே, உச்சியில் என்று மூன்று மூட்டுகளில், சூடு போகாமலிருக்கச் சுற்றியிருந்த உறையைப் பிரித்தான். உள்ளே இரும்பு ஐஸாக இருந்தது. தொட்ட கை ஒட்டிக்கொள்ளும்போல் இருந்தது.

"மோட்டாரு எங்கீங்க?" என்றாள் குள்ளம்மாள்.

"மோட்டார் கிடையாதும்மா. சூடான தண்ணி லேசாயிடும். லேசானது தானா மேல ஏறும். பாரமான பச்சத் தண்ணி கீழ எறங்கும். அவ்வளவுதான்." சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே போதாததுபோல நஞ்சப்பன் கொஞ்சம் நின்றார். பிறகு குனிந்து கீழ் மூட்டில் உள்ளங்கையை வைத்தார். "நீங்களும் வைங்க. ரெண்டு பேரும்."

நடு மூட்டில் பிலவேந்திரன் கை வைத்தான். உச்சி மூட்டுக்கு எக்கி, குள்ளம்மாள் தன் வலது கையால் குழாயைப் பிடித்துக்கொண்டாள். கீழே வார்டில் யாரோ இருமினார்கள். தூரத்தில் பொம்மிடி ஸ்டேஷனை ஒரு கூட்ஸ் வண்டி கடந்தது. அதன் சத்தம் தேய்ந்து மறையும்வரை மூவரும் அசையவில்லை. வெயில் தகட்டின் முழு அகலத்துக்கும் பரவியது.

"வந்துடுச்சு," என்றார் நஞ்சப்பன், மெதுவாக.

பிலவேந்திரன் கைக்குள் இரும்பு இன்னும் குளிர்ந்துதான் இருந்தது. பிறகு அது குளிராக இல்லை. பிறகு, மாட்டின் மடிக்குக் கீழே கையை வைத்ததுபோல, உள்ளிருந்து ஒரு வெதுவெதுப்பு அவன் சுண்டுவிரலைத் தொட்டு, மோதிர விரலுக்கு வந்து, உள்ளங்கையை நிறைத்து, கட்டைவிரலைத் தாண்டி மேலே போனது. சத்தமே இல்லை. அவன் அண்ணாந்து குள்ளம்மாளைப் பார்த்தான். பதினைந்து வருஷம் நெருப்பின் முன்னால் உட்கார்ந்தவள், கண்களை மூடி, தலையைச் சற்றே சாய்த்து, குழாயைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் வரலீங்க," என்றாள். வெயில் அவள் முகத்தில் முழுசாக அடித்தது. "இருங்க... இருங்க..."